ஏழரைக்கு ஆறு அடித்த கடியாரம்

செம்பாக்கா தோட்டத்தில் இராஜமாணிக்கத்தின் வீடு எது என்று கேட்டால் ஆட்கள் முழிப்பார்கள். கடியாரம் வீடு எது என்று கேட்டால் நண்டு சிண்டெல்லாம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் தோட்டத்து வரிசை வீடுகளில் மூன்றாவது லயத்து வாசலில் விட்டுவிடும். ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூண்டில் விறகு போடுவது அவன் வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், செத்துக் கிடக்கும் பழைய கடியாரங்களைப் பிரித்துப்போட்டு உயிர் கொடுப்பது அவன் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்பது அவன் சொல்வது. கிறுக்கு என்பது அவனுடைய அக்கா மங்கம்மா சொல்வது. அவளையும் குறை சொல்ல முடியாது. சோற்றுத் தட்டில் திருகாணி கிடந்தால் எந்த அக்காவுக்குத்தான் கோபம் வராது?

சுவரில் நான்கு கடியாரங்கள் தொங்கின. எல்லாம் பக்கத்து ஊரான ராசாவின் கடைத்தெருவில் யாரோ வேண்டாம் என்று தூக்கிப் போட்டவை. நான்கும் நான்கு விதமாக மணி காட்டும். பங்காளிகள் மாதிரி ஒன்றோடு ஒன்று ஒத்துப்போனதே கிடையாது. ஆனாலும் அவற்றில் மூன்று ஓடின. நின்றுபோன சக்கரம் ஒன்று தன் கையால் மறுபடி ஓடுகிற அந்த முதல் 'டிக்' சத்தத்துக்காக இராஜமாணிக்கம் பத்து நாள் பட்டினி கிடக்கவும் தயார். அந்தக் காலத்தில் பட்டினிக்கும் பஞ்சமில்லை. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான்.

ஜப்பான்காரன் வந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. வெள்ளைக்காரத் துரை போட்டது போட்டபடி ஓடிவிட்டான். வந்தவன் அரிசியை எடுத்தான், துணியை எடுத்தான், சயாமில் ரயில் ரோடு போட ஆளையும் எடுத்தான். அதெல்லாம் போதாதென்று நேரத்தையும் எடுத்துக்கொண்டான். டோக்கியோவில் என்ன மணியோ அதுதான் மலாயாவிலும் மணி என்று உத்தரவு. எல்லாக் கடியாரத்தையும் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவைக்க வேண்டும். பழைய நேரம் வைத்திருந்தால் கன்னம் பழுக்கும். இராஜமாணிக்கத்துக்கு ஒரு தடவை பழுத்தது. சோதனைக்கு வந்த ஜப்பான் மேனேஜர், நான்காவது கடியாரம் வேறு மணி காட்டுகிறது என்று பளாரென்று ஒன்று வைத்தான். அது ஓடாத கடியாரம், எந்த நாட்டு நேரத்தையும் காட்டவில்லை என்று மலாயில் எடுத்துச் சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை.

இத்தனைக்கும் நடுவில் அவனுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பக்கத்து வீட்டுப் பஞ்சாலையைக் கட்டிக்கொள்ள வேண்டும். பஞ்சாலை பால்மரம் வெட்டுகிறவள், ரப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுக்கிற வேலை. அவள் நாக்கும் பால் வெட்டும் கத்தியும் ஒரே கூர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர். இவன் கையிலிருந்து திருகாணி உருண்டால் பலகைக்கு அடியில் நுழைந்து அவள் வீட்டுக்குப் போய்விடும். "இந்தா, உன் கடியாரத்தோட கண்ணு" என்று அவள் சுண்டிவிடுவாள். ஒரு வருஷம் இப்படித் திருகாணி போய்த் திருகாணி வந்ததில், அவளுக்கும் மனசு வந்துவிட்டது.

அவளுடைய அப்பா சன்னாசிக்கும் மாப்பிள்ளையைப் பிடிக்கும். அவருக்குப் பிடிக்காதது நேரம்தான்.

காரணம் இருந்தது. போன வருஷம் ஒரு சனிக்கிழமை சன்னாசியின் பேரனுக்குக் காது குத்தினார்கள். பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் ஏழரையிலிருந்து ஒன்பது. அது பழைய நேரம். ஜப்பான் கடியாரத்தில் அதுவே ஒன்பதிலிருந்து பத்தரை. ஆனால் சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை என்றால் ராகு காலம் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆபீஸ் கடியாரத்தைப் பார்த்த தோட்டத்துக் கணக்கர், கிராணி திருநாவுக்கரசு, "ஐயையோ, இப்ப ராகு காலம்லா, பத்தரை வரைக்கும் யாரும் கை வைக்காதீங்க" என்று தடுத்துவிட்டார். பத்தரைக்குக் குத்தினார்கள். அந்தப் பத்தரைதான் உண்மையில் பழைய ஒன்பது மணி, ராகு காலம் பிறக்கிற நேரம். ராகுவுக்குப் பயந்து ஒதுங்கி நின்றவர்கள் நேராக ராகுவின் மடியில் போய் உட்கார்ந்தார்கள். பையனுக்குக் காது சீழ் பிடித்தது. ஆடு ஒன்று செத்தது. கூரை ஒழுகியது. எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் காரணம் என்று சன்னாசி முடிவு கட்டிவிட்டார்.

"கூட்டுறது கழிக்கிறதெல்லாம் எங்கிட்ட வேணாம்," என்றார் அவர், மங்கம்மா தம்பிக்குப் பெண் கேட்டுப் போனபோது. "படிச்ச கிராணியே கோட்டை விட்டுட்டாரு. அசல் நேரம் ஓடுற கடியாரம் ஒண்ணு கொண்டாரச் சொல்லு. அன்னிக்கே நாள் குறிப்போம். அது வரைக்கும் என் வீட்டுல தாலி ஏறாது."

அசல் நேரம் ஓடும் கடியாரம் வைத்திருந்தால் மேனேஜர் அறைவான். இல்லாவிட்டால் மாமனார் பெண் கொடுக்க மாட்டார். நல்லா வந்து மாட்டினான் பிள்ளை.

அந்தச் சமயத்தில்தான் துரை பங்களாவின் பழைய சுவர்க் கடியாரம் கிடைத்தது. துரை ஓடின வாரத்தில் யாரோ அதைக் கழற்றிக் கீழே போட்டுவிட, பங்களாவில் சமைத்துக்கொண்டிருந்த சீனர் அந்தப் பெட்டியைக் கோழிக்கூண்டுக்கு எடுத்துக்கொண்டார். இராஜமாணிக்கம் பார்த்தபோது பெண்டுலம் ஆட வேண்டிய இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. தன்னிடம் இருந்த இரண்டு சட்டையில் நல்ல சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கடியாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வெற்று உடம்போடு லயத்துக்கு நடந்து வந்தான். மங்கம்மா வாசலில் நின்று வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள்.

"சட்டையக் குடுத்துட்டு கோழிப்பீ வாங்கியாந்திருக்கான் பாருங்கடி!"

"அக்கா, இது மணி அடிக்கிற கடியாரம்கா. நம்ம நாலும் ஊமை. இது பேசும்."

"ஆமா, பேசும். எனக்கு ஒரு சட்டை குடுன்னு பேசும்."

ஆறு மாதம் ஆயிற்று அதைப் பேச வைக்க. சாம்பலும் எலுமிச்சையும் போட்டுச் சக்கரங்களைத் தேய்த்தான். ஒரு சக்கரத்தில் பல் ஒன்று உடைந்திருந்தது. காட்டில் கிடைத்த பித்தளைத் தோட்டாக் கூட்டை அறுத்து, அரிசி அளவு பல் செய்து பற்றவைத்தான். மூன்று தடவை பல் விழுந்தது. நான்காவது தடவை நின்றது. தேங்காயெண்ணெய் விட்டால் நாலு நாளில் பிசின் பிடித்துவிடும் என்பது பட்டுத் தெரிந்த பாடம். அதனால் ராசாவில் தையல் கடை வைத்திருந்த மீரா சாஹிபிடம் போய் நின்றான். அவர் தம் மிஷினுக்கென்று ஒளித்து வைத்திருந்த எண்ணெயில் கால் புட்டி கொடுத்தார். "கல்யாணத்துக்குன்னு சொல்றே, மாட்டேன்னா பாவம்லா," என்றார். அந்த எண்ணெயைக் கோழி இறகால் தொட்டுத் தொட்டு வைத்தான்.

ஒரு மத்தியானம் கடியாரம் ஓடியது. 'டிக்' என்றது. யோசித்தது. 'டாக்' என்றது. பிறகு நிற்கவே இல்லை. இராஜமாணிக்கம் சுவரைத் தட்ட, பஞ்சாலை ஓடி வந்தாள். ஆபீஸ் கடியாரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தைக் கழித்து இரண்டு பேருமாக அசல் நேரத்தில் முள்ளை வைத்தார்கள். மணி இரண்டு. கணீர், கணீர் என்று இரண்டு அடித்தது. அந்தச் சத்தத்தில் அவன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இதைப் பெட்டிக்குள் பூட்டி வைத்து மாமாவுக்கு மட்டும் திறந்து காட்டினால் போதும், வேலை முடிந்தது என்று நினைத்தான்.

நினைத்து முடிக்கவில்லை, "மேனேஜர் லயத்துல வர்றான்!" என்று வெளியே சத்தம் கேட்டது.

பெட்டியாவது பூட்டாவது! மணி அடித்துக் காட்டிக்கொடுத்துவிடுமே என்று, அதைக் கிளப்பிவிடும் கொக்கியை முதலில் முள்ளுக்கு எட்டாமல் பக்கத்தில் ஒதுக்கினான். பெரிய முள்ளை விரலால் ஒன்றரைச் சுற்று சுற்றி மூன்றரைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கொக்கியைப் பழையபடி போட்டான். மேனேஜர் உள்ளே நுழைந்தான், கடியாரத்தைப் பார்த்தான், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனான். இனி எந்த நேரமும் வருவான் என்று தெரிந்துபோயிற்று. முள்ளைத் திருப்பி வைக்க இராஜமாணிக்கத்துக்குத் தைரியம் இல்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்று சாயங்காலத்திலிருந்து கடியாரத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது. முள் ஆறரை காட்டினால் அஞ்சு அடித்தது. ஏழரைக்கு ஆறு அடித்தது. எட்டு மணி என்றால் டிங்கென்று ஒரே அடி. மூன்று ஊமைகளைப் பிழைக்க வைத்தவனுக்கு, பேசுகிற ஒன்றை ஒழுங்காகப் பேச வைக்கத் தெரியவில்லை என்று லயம் முழுக்கச் சிரித்தது. ஆறு மாத உழைப்பு, ஒரு நல்ல சட்டை, ஒரு கல்யாணம் எல்லாம் கோழிக்கூண்டுக்கே போயிற்று என்று இராஜமாணிக்கம் மூலையில் உட்கார்ந்துவிட்டான். மறுநாள் புகைக்கூண்டிலிருந்து வந்ததும் கடியாரத்தை மறுபடி பிரிப்பதற்குத் திருப்புளியை எடுத்தான்.

"தொட்டா கையை ஒடிச்சிருவேன்," என்று பலகைச் சுவர் பேசியது. அடுத்த நொடி பஞ்சாலை வாசலில் நின்றாள்.

"கெட்டுப்போச்சு புள்ள."

"யாரு சொன்னா? நேத்துலேருந்து நான் எண்ணிக்கிட்டு இருக்கேன். ஆறரைக்கு அஞ்சு, ஏழரைக்கு ஆறு, எட்டரைக்கு ஏழு. தப்புன்னா இப்பிடி ஒரே மாதிரியாவா தப்பும்? ஏழரையில ஒன்றரை போனா என்னா?"

அவன் விரல் விட்டு எண்ணினான். திருப்புளி கையிலிருந்து விழுந்தது.

விஷயம் இதுதான். இந்த மாதிரிப் பழைய கடியாரத்தில் முள்ளுக்கும் மணிக்கும் நேரடிப் பேச்சு கிடையாது. அரை மணிக்கு ஒரு தரம் முள் வந்து 'அடி' என்று கொக்கியைத் தட்டிவிட்டுப் போகும். அவ்வளவுதான் அதன் வேலை. எத்தனை அடிப்பது என்பதை மணியின் சக்கரம் தன்பாட்டில் எண்ணிக்கொள்ளும்; முழு மணிக்கு அத்தனை அடி, இடையில் வரும் அரை மணிக்கு ஒரே அடி. அன்றைக்கு இவன் கொக்கியை ஒதுக்கிவிட்டு முள்ளைச் சுற்றினானே, முள் மட்டும்தான் டோக்கியோவுக்குப் போயிற்று. மணிக்கு அந்தச் சங்கதியே தெரியாது. அது இன்னும் மலாயாவிலேயே உட்கார்ந்து அசல் நேரத்தை அடித்துக்கொண்டிருந்தது.

இராஜமாணிக்கம் எழுந்து ஒரு குதி குதித்தான். பலகைத் தரை அதிர்ந்து, ஓடாத நான்காவது கடியாரம்கூட இரண்டு டிக் சொல்லி நின்றது.

சன்னாசியை அழைத்து வந்தார்கள். அவர் லேசில் நம்பவில்லை. "மறுபடி கணக்கா?" என்று முறைத்தார். பஞ்சாலை அப்பாவின் கையைப் பிடித்துத் தங்கள் வீட்டு வாசலில் இருந்த அந்திமந்தாரைச் செடியிடம் கொண்டுபோய் நிறுத்தினாள். மலாய்க்காரர்கள் அதை நாலு மணிப் பூ என்றே சொல்வார்கள். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் விரியும்.

"இந்தப் பூவுக்கு ஜப்பான் நேரம் தெரியாதுலாப்பா. இது எப்ப விரியுதோ அப்பதான் அசல் நாலு. சும்மா பாத்துக்கிட்டே இருங்க."

பாதி லயம் செடியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. மொட்டுகள் முறுக்கிக்கொண்டு நின்றன. ஒன்று நெகிழ்ந்தது. இன்னொன்று இதழை விட்டது. உள்ளே முள் ஐந்தரையைத் தொட்டது. கணீர், கணீர், கணீர், கணீர். சன்னாசி பூவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், இராஜமாணிக்கத்தைப் பார்த்தார்.

"கண்ணுல காட்டுன்னு கேட்டேன். நீ காதுல காட்டிப்புட்டியே தம்பி," என்றவர், அன்றைக்கே கோயில் பூசை செய்யும் பண்டாரத்தை அழைத்து நாள் குறித்துவிட்டார். தை மாதம், திங்கட்கிழமை, காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். அதற்குள் முடித்துவிட வேண்டும். திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு பிறந்துவிடும். அன்று முதல் சன்னாசி தினமும் கடியாரத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொண்டார். அது எப்படி எண்ணுகிறது, கொக்கி எங்கே இருக்கிறது, எதைத் தூக்கினால் என்ன ஆகும் என்று கேட்டுக் கேட்டு மாப்பிள்ளையின் உயிரை வாங்கினார்.

கல்யாணத்தன்று மாரியம்மன் கோயில் பந்தலில் நடுக்கம்பத்தில் கடியாரம் தொங்கியது. தோட்டமே திரண்டு வந்துவிட்டது. சயாமுக்குப் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லாத வருஷம் அது. எல்லோருக்கும் சிரிப்பதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. மீரா சாஹிபின் மனைவி மெஹர்பானு, அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்த சிவப்புப் பட்டுச் சேலையை இரவல் கொடுத்திருந்தாள். சாக்குத் துணி கட்டிய பெண்களுக்கு நடுவில் பஞ்சாலை சிவப்பாக வந்து உட்கார்ந்தபோது இராஜமாணிக்கத்துக்கு அம்மன் படி இறங்கி வந்த மாதிரி இருந்தது. மேளக்காரர் இல்லை. தாலிக்குப் பொன் இல்லை, மஞ்சள் கிழங்குதான். பாயசமும் மரவள்ளிதான். ஆனால் நேரம் இருந்தது, சுத்தமான நேரம்.

இன்னும் விடியவில்லை. எண்ணெய் விளக்குகள் எரிந்தன. முள் ஏழே காலைத் தாண்டும்போது, பந்தலுக்குள் பூட்ஸ் சத்தம் கேட்டது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடும் முன் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மேனேஜர் வந்துவிட்டான். பின்னாலேயே வியர்க்க வியர்க்கக் கிராணி திருநாவுக்கரசு. நாற்காலி போட்டார்கள். மேனேஜர் சரியாகக் கடியாரத்துக்கு எதிரில் உட்கார்ந்தான்.

முள் ஏழரையைத் தொட்டது. ஆறு அடித்தது.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். விரல்களை மடக்கி எண்ணினான். எழுந்து கடியாரத்துக்குக் கிட்டத்தில் போய் நின்று கிராணியிடம் ஏதோ உறுமினான்.

"ஏழரைக்கு ஏன் ஆறு அடிக்குதுன்னு துவான் கேக்குறாரு," என்றார் கிராணி.

இராஜமாணிக்கம் தாலிக் கயிற்றைக் கையில் பிடித்தபடி மணையில் இருந்தான். முகூர்த்தம் பிறந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் கடியாரமும் போகும், அவனும் போவான். "ஜாம் ரோசாக், துவான்," என்றான். கடியாரம் பழுது, ஐயா. இத்தனை பேருக்கு முன்னால் தன் கைவேலையைத் தானே பழுது என்று சொன்னது அறை வாங்கியதைவிட வலித்தது.

"பாய்க்கி! செக்காராங்!" என்றான் மேனேஜர். சரி பண்ணு, இப்பவே.

தாலி கட்டாமல் மணையை விட்டு எழுந்தால் சன்னாசியின் கணக்கில் அந்தக் கல்யாணம் அங்கேயே முடிந்தது. எழாவிட்டால் மேனேஜர் முடித்துவிடுவான். இராஜமாணிக்கம் பாதி எழுந்தான். ஒரு கை அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தது.

"நீங்க எந்திரிக்காதீங்க மாப்ள. நான் பாத்துக்கிறேன்."

சன்னாசி போய்க் கடியாரத்தின் கதவைத் திறந்தார். உள்ளே கை விட்டுக் கொக்கியைத் தூக்கினார். கணீர் என்று ஒரு அடி. அதுவரை இருட்டில் தூங்கி வழிந்துகொண்டிருந்த பண்டாரம் மணிச் சத்தத்தில் திடுக்கிட்டு, வழக்கமான வாயால், "கெட்டி மேளம், கெட்டி மேளம்!" என்று கத்திவிட்டார். இராஜமாணிக்கம் யோசிக்கவில்லை, தாலியைக் கட்டினான். சன்னாசி மறுபடி தூக்கினார். கணீர் கணீர் என்று ஏழு அடிகள். முதல் முடிச்சு அவன் போட்டான், மற்ற இரண்டையும் மங்கம்மா அழுதுகொண்டே போட்டாள். பெண்கள் குலவையிட்டார்கள். மூன்றாவது தரம் சன்னாசி தூக்க, ஒரே ஒரு அடி அடித்து மணி நின்றது. மேளமில்லாத கல்யாணத்துக்குக் கடியாரமே மேளம் கொட்டியது.

மேனேஜர் லேசில் விடுகிறவன் இல்லை. எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்து மரவள்ளிப் பாயசம் குடித்தான். முள் எட்டைத் தொட, மணி மரியாதையாக எட்டு அடித்தது. "பாகூஸ்!" நல்லது என்று சன்னாசியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததும் பந்தலில் கிளம்பிய சிரிப்பில் விளக்குகள் ஆடின. கிராணி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

சன்னாசி மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் விழுந்துவிட்டது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"மாப்ள, இப்ப அதுவும் ஜப்பான்காரன் மாதிரியே எண்ணுதே. நாளைக்குப் பின்ன நல்லது கெட்டதுக்கு நான் யாரைக் கேப்பேன்? ரிப்பேரு பண்ணுனது போதும். பழையபடி கெடுத்துக் குடுங்க."

இராஜமாணிக்கம் புதுப்பெண்ணைப் பார்த்தான். கழுத்தில் மஞ்சள் கயிறு ஈரம் காயாமல் இருந்தது. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. அதற்குள் கணக்குப் போட்டுவிட்டாள்.

"மணி முழுசா ஒரு சுத்து வர இருபத்துநாலு தூக்கு. அப்பா மூணு தூக்கியாச்சு, இன்னும் இருபத்தோரு தரம் தூக்கணும்," என்றாள் பஞ்சாலை. "எந்திரிங்க. நான் எண்ணுறேன்."

இரண்டு பேரும் மாலையைக் கழற்றாமலேயே கம்பத்துக்குப் போனார்கள். அவன் தூக்கத் தூக்க அவள் சத்தமாக எண்ணினாள்; கூடவே பந்தல் முழுக்க எண்ணியது. விடிகிற நேரத்தில் செம்பாக்கா தோட்டம் முழுவதும் அந்த மணி ஓயாமல் கேட்டது. எத்தனையோ கடியாரங்களைச் சரி செய்தவன் அவன். ஒன்றைக்கூட இவ்வளவு சந்தோஷமாகச் சரி செய்ததில்லை.